நான் வாசிக்காமல் விட்ட வரி

எங்கள் மறைமாவட்டச் செய்தி மடலைப் பார்த்துக்கொள்ளும் இளம் குருவானவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். புனிதர் வரலாறுகள் இப்போது மின்னஞ்சலில் வருகின்றன, கணினியிலேயே திருத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறோம், காகிதத்தில் வந்த காலத்தில் நீங்கள் எப்படித் தணிக்கை செய்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். இரண்டு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். வேலை முறையைச் சொல்லி முடித்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

என் பெயர் மரியசூசை. இருபத்தேழு ஆண்டுகள் கத்தோலிக்க நூல்களுக்குத் தணிக்கை வாசிப்பாளனாக இருந்தேன். இப்படி ஒரு வேலை உண்டா என்று நெய்வேலியில் கேட்காதவர்கள் இல்லை. இந்த ஊரில் முதல் கேள்வி எந்த டிவிஷன் என்பது. இரண்டாவது, பர்மனெண்டா காண்ட்ராக்டா என்பது. என் மனைவி ஜெசிந்தா சுரங்கத்தின் ஸ்டோர்ஸ் அலுவலகத்தில் பர்மனெண்ட். குவார்ட்டர்ஸ் அவள் பேரில். அவளோடு வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வந்தால், "சார் சாமியார் ஆபீஸ்ல இருக்கார்" என்பாள். அவர்கள் "ஓ" என்பார்கள். அந்த "ஓ"வுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்டதில்லை.

சாமியாராவதற்குப் படிக்கும் குருமடத்தில் தத்துவ வகுப்பு முடித்ததும் வெளியே வந்தவன் நான். பிறகு தமிழில் எம்.ஏ., வடலூரில் ஒரு டுடோரியலில் இரண்டு வருடம், கல்யாணம். அவ்வளவுதான் என் தயாரிப்பு. எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசை மட்டும் குருமடத்துக்குப் போவதற்கு முன்பிருந்தே இருந்தது.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஃபாதர் இன்னாசி. டவுன்ஷிப்பில் பங்குச் சாமியாராக இருந்தபோதே ஆயர் அவரைத் தணிக்கையாளராக நியமித்திருந்தார். பங்குப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் கோவிலை ஒட்டிய ஓர் அறையில் தங்கிக்கொண்டார். கையெழுத்துப் பிரதிகளும் அவரோடு அங்கேயே தங்கிவிட்டன. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரி சுமக்கும் சுரங்கத்துப் பெல்ட் ஓடும் இரைச்சல் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிரதி வந்ததும் பதிவேட்டில் ஏற்றுவேன். பிறகு மூன்று பென்சில்களோடு வாசிப்பேன். மொழிப் பிழைக்குக் கறுப்பு, திருச்சபையின் மறைபோதனைக்கு மாறானதற்கு நீலம், புதுமைகள் என்று நாங்கள் சொல்லும் அற்புதங்களுக்கும் பட்டங்களுக்கும் சிவப்பு. சிவப்புத்தான் அதிகம் தேயும். ரோமாபுரி பட்டம் கொடுக்காத ஒருவரைப் "புனிதர்" என்று எழுதியிருந்தால் சிவப்பு. "அவர் கல்லறை மண்ணைப் பூசியதும் காய்ச்சல் நின்றது" என்றிருந்தால் சிவப்பு. "நின்றதாக மக்கள் சொல்கிறார்கள்" என்று மாற்றச் சொல்லுவோம். நூலின் முகப்பில், இதில் உள்ளவை மனிதச் சாட்சியம் மட்டுமே, திருச்சபையின் தீர்ப்பை நான் முந்திக்கொள்ளவில்லை என்று ஆசிரியர் ஓர் உறுதிமொழி தர வேண்டும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதல் வாரத்தில் ஃபாதரைக் கேட்டேன். அவர் வெந்நீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல யார் செத்தாலும் புனிதர்தான். நேத்து செத்த துறவிக்கு இன்னிக்குப் படம் போட்டு, தலையைச் சுத்தி ஒளிவட்டம் வரைஞ்சு, விளக்கு ஏத்திடுவாங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புத்தகம், புத்தகத்துக்கு நூறு புதுமை. பாப்பரசர் ஒருத்தர் இதுக்கெல்லாம் தடை போட்டார். உத்தரவு இல்லாம ஒளிவட்டம் கூடாது, புதுமையை அச்சடிக்கக் கூடாதுன்னார். பொய் நின்னுச்சு. அதோட எத்தனை உண்மை நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு பொம்பளையைச் சுத்திக் கூட்டம் சேர்ந்தாலே அவளைப் பத்தி எழுதினதை வாங்கிக்கினு போயிடுவாங்களாம். இப்ப சட்டம் ரொம்பத் தளர்ந்துபோச்சு. கோவில்ல வச்சு விக்கிற புத்தகத்துக்கு மட்டும்தான் ஆயர் அனுமதி வேணும்."

ஆனால் கோவிலில் விற்காத புத்தகத்தை யார் வாங்குவார்கள்? திருவிழாவில் மெழுகுவத்திக் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு விற்றால்தான் உண்டு. அதனால் எல்லோரும் எங்களிடம் வந்தார்கள்.

ஃபாதருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. என் வேலையின் பதினைந்தாம் வருடத்திலிருந்து நான் உரக்க வாசிப்பதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் என்று ஆனது. சந்தேகம் வந்தால் மூக்குக்கண்ணாடிக் கூட்டால் மேசையை ஒருமுறை தட்டுவார். தப்பு என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். "அங்க கொஞ்சம் நில்லு" என்பார். கேட்ட அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஓர் இரவு போக வேண்டும். மறுநாள் திருப்பலி முடிந்து வந்து, நின்றபடியே முடிவைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒருமுறை சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ஞானோபதேசம் கற்றுக்கொடுக்கும் உபதேசியார் ஒருவர், தன் ஊரில் அடக்கமான பழைய மிஷனரி ஒருவரின் வரலாற்றைக் கொண்டுவந்தார். அட்டைப் படத்தில் மிஷனரிக்குப் பெரிய ஒளிவட்டம். எடுக்க வேண்டும் என்றேன். "ஓவியருக்கு மறுபடியும் யார் சார் குடுக்கறது, வட்டத்த குடைன்னு சொல்லிக்கலாமே" என்றார். ஃபாதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னிடம் ஒரு பிளேடைக் கொடுத்தார். அரைநாள் உட்கார்ந்து படத்திலிருந்து அந்த வட்டத்தைச் சுரண்டினேன். கடைசியில் மிஷனரிக்குத் தலைமுடியும் கொஞ்சம் போய்விட்டது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அடுத்தவன் எழுத்தை நாளெல்லாம் வாசிப்பவனுக்கு ஒரு நோய் வரும். மோசமான பிரதி வந்தால் எனக்கு அன்று முழுவதும் உற்சாகமாக இருக்கும். நல்ல வாக்கியம் ஒன்று வந்துவிட்டால் அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் கறுப்புப் பென்சிலை அழுத்திப் போடுவேன்.

நானும் ஒரு நூல் எழுதிப் பார்த்தேன். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஊழியம் செய்த உபதேசியார்களைப் பற்றியது. பதினொரு பக்கம் ஆனதும் ஃபாதரிடம் கொடுத்தேன். அப்போது அவருக்குப் பார்வை இருந்தது. மறுநாள் நின்றபடியே சொன்னார்: "தப்பு எதுவும் இல்ல, சூசை."

அதற்கு மேல் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாம் பக்கத்தை நான் எழுதவில்லை.

அந்த நூலுக்காகத் தகவல் தேடியபோதுதான் முத்தாண்டிக்குப்பத்தில் லூர்தம்மா என்பவர் வீட்டில் பழைய காகிதச் சுவடி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். சவரியாயி என்ற பெண்ணின் சரித்திரம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் கூலி வேலை செய்து பிழைத்த கைம்பெண். கொள்ளை நோய் வந்து ஊரே காலியானபோது ஓடிப்போகாமல் சாகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உடன் இருந்தவள். எழுதியவர் ஓர் உபதேசியார். நடுவில் ஒரு பக்கத்தில் ஒன்பது வரிகளை வேறொரு மை கொண்டு யாரோ கறுப்பாக அடித்திருந்தார்கள். ஓரத்தில் லத்தீனில் "நீக்குக" என்று ஒரு சொல். அந்தக் காலத்து மேலதிகாரியான வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரின் கை. நான் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. "படிக்க இயலாதவாறு அழிக்கப்பட்டுள்ளது" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், செபஸ்தியான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சுரங்கத்தில் பெல்ட் ஃபிட்டர். லூர்தம்மாவின் தம்பி மகன். பத்தாவது வரை படித்தவர். முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்திருந்தார். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. பையிலிருந்து நான்கு நீள நோட்டுகளை எடுத்து வைத்தார்.

"சவரியாயி சரித்திரம் சார். எங்க அத்தை வூட்ல ஒரு பழைய புஸ்தகம் இருக்குது. அதை வச்சிக்கினு எழுதனேன். ரெண்டு வருசமாச்சு."

"எனக்கு அந்தச் சுவடி தெரியும். நான் பார்த்திருக்கேன்."

"அத்தை சொல்லுச்சு சார். நீங்க வந்துட்டுப் போனதை."

"நடுவுல அடிச்ச பக்கம் ஒண்ணு இருக்குமே. அதை என்ன பண்ணீங்க? விட்டுட்டீங்களா?"

"படிச்சிட்டேன் சார்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு நட்டைக் கழற்றியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எப்படி?"

"டார்ச்சுதான் சார். நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பெல்ட்டுல வெடிப்பு பாக்கறப்ப டார்ச்ச சாய்ச்சிப் புடிப்போம். அப்பதான் பள்ளமெல்லாம் நெழலா தெரியும். மை பூசினாலும் பேனா அழுத்தன பள்ளம் போவாதில்ல. ஒரு வரிக்கு ஒரு வாரம்னு படுத்துக்கினே படிச்சேன்."

நோட்டுகளை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றினேன்.

அன்று மாலையே வாசிக்கத் தொடங்கினேன். ஒரு தேர்ந்த எழுத்தாளனுடையது என்று சொல்ல மாட்டேன். பத்தி பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் குடிசைக்குள் குனிந்து நுழைவது, செத்தவரின் வாயில் இருந்த ஈயை ஓட்டுவது, தண்ணீர் மொண்ட சிரட்டையைக் கழுவாமல் அடுத்தவருக்கு நீட்டத் தயங்கி, பிறகு நீட்டுவது எல்லாம் அப்படியே எதிரில் நடந்தன. பதினொரு பக்கத்தில் நான் எட்ட முடியாத இடத்தில் அவர் முதல் பக்கத்திலேயே நின்றிருந்தார். இரண்டு எழுத்துப் பிழைகள் கிடைத்தன. அவற்றால் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

ஏழாம் அத்தியாயத்தில் அந்த ஒன்பது வரிகளைப் பழைய நடையில் அப்படியே எடுத்து எழுதியிருந்தார். வெள்ளாற்றில் பெருவெள்ளம் வந்து குருவானவர் நாற்பது நாள் வர முடியாமல் போயிற்று. குருவின் காதில் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் சாகிறோமே என்று ஜனங்கள் நடுங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த வரிகள் இவை:

"சாகிறவர்கள் தங்கள் பாவங்களை அவள் காதிலே சொன்னார்கள். அவளும் கேட்டாள். நானோ குருவல்ல, உங்கள் பாவங்களை என் மனதிலே சுமந்திருந்து குருவானவர் வந்தவுடனே அவர் பாதத்திலே இறக்கிவைப்பேன் என்று சொல்லி, அப்படியே செய்தாள். அதனாலே அவர்கள் சமாதானமாய் மரித்தார்கள்."

இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அத்தனை பேரின் பாவங்களையும் மறக்காமல் இருக்க அவள் கூலிக்குக் களை எடுக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள் என்று அடுத்த பத்தியில் செபஸ்தியான் எழுதியிருந்தார். வெள்ளம் வடிந்து சாமியார் வந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் சொன்னாளாம்.

நான் நோட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். என் கைக்குள் வந்து, நான் தூக்கிப் பிடித்துப் பார்த்து, வைத்துவிட்டு வந்த பக்கம் அது.

மறுநாள் காலை ஃபாதருக்கு வாசித்தேன். முதல் ஆறு அத்தியாயங்களில் ஒருமுறைகூட அவர் மேசையைத் தட்டவில்லை. முகம் இளகியிருந்தது. "யாருய்யா இவன்" என்று ஒருமுறை தானாகச் சொல்லிக்கொண்டார். என் எழுத்துக்கு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தேன். வாய் ஒரு வரியை வாசிக்கும்போது கண் அடுத்த வரிக்குப் போய்விடும், வாசிப்பவர்களுக்கு அது தெரியும். "அவளும் கேட்டாள்" என்று வாசித்தேன். அடுத்த வரி கண்ணில் இருந்தது. ஒரு மூச்சு எடுத்தேன். "அதனாலே அவர்கள் சமாதானமாய் மரித்தார்கள்" என்று வாசித்தேன்.

நடுவில் இருந்த ஒரு வாக்கியம் போனது. பின்னால் வந்த பத்தியில் அவள் முணுமுணுத்ததையும் சாமியாரிடம் சொன்னதையும்கூட வாசிக்காமல் விட்டேன். நேராக, செத்தவர்களை அடக்கம் செய்யும் பத்திக்குத் தாவிவிட்டேன்.

ஃபாதர் மேசையைத் தட்டினார். மறுபடி வாசிக்கச் சொன்னார். இரண்டாவது முறையும் அதே போல வாசித்தேன். முதல் தடவை நடந்ததைக் கைதவறியது என்று யாராவது சொல்லலாம். இரண்டாவது தடவைக்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

"அப்ப அவ பாவம் கேட்டு மன்னிச்சான்னு ஆகுதே, சூசை. அது குருவுக்கு மட்டும் உள்ள அதிகாரமாச்சே."

"அப்படித்தான் ஆகுது, ஃபாதர்."

"அதுக்குத்தான் அந்தக் காலத்து ஆள் அடிச்சிருக்கார் போல."

"இருக்கும், ஃபாதர்."

மறுநாள் திருப்பலி முடிந்து வந்து நின்றார். "ஏழாம் அத்தியாயத்தை எடுத்துடு. எடுக்க மனசு இல்ல. நல்லா எழுதியிருக்கான்" என்றார். உட்கார்ந்து நெடுநேரம் வெந்நீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். எனக்குள் ஓடிய சந்தோஷத்தை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனால் அது சந்தோஷம்தான்.

செபஸ்தியானிடம் நான்தான் சொன்னேன். "அந்த அத்தியாயத்துக்காகத்தான் சார் மீதி எல்லாத்தையும் எழுதனேன்" என்றார். பிறகு, "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மற்றப் பக்கங்களை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். நோட்டிலிருந்து பிரித்து நீக்கிய பக்கங்கள் அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அவரும் நகல் எடுத்து வைக்கவில்லை. சுவடிதான் அத்தை வீட்டில் இருக்கிறதே, வேண்டுமானால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்.

புத்தகம் ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். வரி வரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தவர் என்று. கொண்டுவந்த புத்தகங்கள் தேர் கிளம்புவதற்குள் தீர்ந்துவிட்டன. ஏழாம் அத்தியாயம் இல்லாமலே தீர்ந்துவிட்டன. அதைப் பார்த்து எனக்கு மறுபடியும் பொறாமை எழுந்தது.

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்தன. டவுன்ஷிப்பில் மரம் விழாத சாலை இல்லை. முத்தாண்டிக்குப்பத்தில் லூர்தம்மா வீட்டுக் கூரை பறந்து, பெட்டியில் இருந்தது எல்லாம் இரண்டு நாள் தண்ணீரில் ஊறிற்று. சுவடி கையில் எடுத்தால் களியாக வந்ததாம்.

பத்து நாள் கழித்துச் செபஸ்தியான் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"அந்த ஏழாம் அத்தியாயப் பேப்பரு உங்ககிட்ட இருக்குமில்ல சார்? அதைத் தவிர இப்ப அவ சொன்ன வார்த்தை எங்கியும் இல்ல."

இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கிழிச்சுப் போட்டாச்சே" என்றேன். "எடுத்ததை வச்சுக்கிறதில்ல. உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்குமே, மறுபடி எழுதுங்களேன்."

"கதை ஞாபகம் இருக்குது சார். வார்த்தை இல்ல. அவ வார்த்தைக்குப் பதிலா என் வார்த்தையைப் போட்டா அது அவ சரித்திரமா இருக்காது." எழுந்தவர் வாசலில் நின்று, "பரவால்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஜெசிந்தா ஜெபமாலைக்குப் போயிருந்த நேரத்தில், ஏழாம் அத்தியாயத்தை முழுவதும் என் கையால் ஒரு நல்ல தாளில் பிரதி எடுத்தேன். பத்தி பிரித்தேன். இரண்டு பிழைகளைத் திருத்தினேன். அடியில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். சவரியாயி வேற்றாள் வீட்டில் நிற்பவளைப் போல அந்தப் பக்கத்தில் நின்றாள். தாளைச் சமையலறை அடுப்பில் போட்டேன். செபஸ்தியானின் பக்கங்களை மறுநாள் கோப்பில் வைத்துவிட்டேன்.

நான் அறியாத ஒன்று அதற்குள் நடந்திருந்தது; பிற்பாடு செபஸ்தியான் சொல்லித்தான் தெரிந்தது. செபஸ்தியான் என்னிடமிருந்து போனவர், நேராகக் கோவிலில் ஃபாதரைப் பார்த்து அழுதிருக்கிறார். அழுதுகொண்டே அத்தியாயத்தைச் சொல்லியிருக்கிறார். "நான் சாமி இல்ல, சாமி வந்ததும் எறக்கி வைக்கிறேன்னு சொன்னாளே சாமி" என்ற இடத்தில் ஃபாதர் அவரை நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லியிருக்கிறார். சூசை சார் பேப்பரைக் கிழித்துவிட்டார் என்றதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் ஒரு துண்டுக் காகிதமும் கிழிக்கப்படுவதில்லை என்பது அவர் வைத்த சட்டம். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பல வருடம் தள்ளிப்போட்ட கண் ஆபரேஷனுக்கு அடுத்த வாரமே ஒத்துக்கொண்டார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆன ஒரு பகலில், கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். செபஸ்தியான் கோப்பை எடு என்றார். எடுத்து வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுத் தானே வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த வரியை நீ வாசிக்கல."

"ஆமா, ஃபாதர்."

"கண்ணு தவறிச்சா?"

"இல்ல, ஃபாதர்."

அவர் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

"என்னால முடியாததை அவர் எழுதிட்டார்" என்றேன். "நீங்க கேட்டுக்கிட்டே இருந்தப்ப உங்க முகத்தைப் பார்த்தேன்."

ஃபாதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகச் சொன்னார். ஆயருக்குக் கடிதம். நான்கு வரி. சவரியாயி வரலாற்றின் ஏழாம் அத்தியாயத்தில் மறைபோதனைக்கு எதிரானது எதுவும் இல்லை, அதை முழுமையாகக் கேட்டறியாமல் நீக்கியது தணிக்கையாளராகிய என் பிழை, அடுத்த பதிப்பில் அத்தியாயமும் இந்த விளக்கமும் இடம்பெற அனுமதி வேண்டுகிறேன்.

"என் பிழை" என்ற இடத்தில் நான் நிறுத்தினேன்.

"இது உங்க பிழை இல்லையே, ஃபாதர். என் பேரைப் போடுங்க."

"போட்டா ஆயர் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். வேலை போனதோட கணக்குத் தீர்ந்துச்சுன்னு நீ நெனைச்சுக்குவ." சற்றுப் பொறுத்து, "தீர்ப்பு எழுதினவன் நான். வாசிச்சவனை நம்பினது என் வேலையில ஒரு பாகம். அடி" என்றார்.

அடித்தேன். கையெழுத்துப் போட்டார். செபஸ்தியானிடம் நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "அது உன் காரியம். நான் சொல்ல மாட்டேன்" என்றார். மறுநாளிலிருந்து பிரதிகளை அவரே வாசித்தார். எனக்குப் பதிவேடு மட்டும்.

இரண்டாம் பதிப்பு வந்தது. கிழித்ததாகச் சொன்ன பக்கங்கள் எப்படி வந்தன என்று செபஸ்தியான் கேட்டபோது, வேறொரு கோப்பில் தவறிச் சிக்கியிருந்தன என்றேன். ஊரில் பேச்சுக் கிளம்பியது. கண் தெரியாத வயதில் எதற்கு இந்தப் பதவி, எத்தனை புத்தகத்தை இப்படி வெட்டினாரோ என்று கோவில் வாசலிலேயே பேசினார்கள். செபஸ்தியான் மட்டும், "வயசானவரு, என்ன பண்ணுவாரு, ஒத்துக்கினாரே, அது போதும்" என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஃபாதருடைய காதுக்கும் பேச்சு போனது. அவர் நடையிலோ பேச்சிலோ எந்த மாற்றமும் இல்லை. அதைப் பார்த்து அந்த மனுஷன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நான்கு வருடம் கழித்து அவர் இறந்தபோது, இரங்கல் செய்தியில்கூட அந்தப் பிழையைப் பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருந்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது.

இங்கு வரை எழுதிவிட்டு மடலுக்கு அனுப்பும் முன், போன ஞாயிறு பிற்பகல் தாள்களை எடுத்துக்கொண்டு செபஸ்தியான் வீட்டுக்குப் போனேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் சாலையில் சின்னதாக வீடு கட்டியிருக்கிறார். வாசலில் குழாயைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார்.

அவர் மெதுவாக வாசிப்பவர். ஒவ்வொரு தாளையும் முடித்து, கவிழ்த்து வைத்து, அடுத்ததை எடுத்தார். கிழிச்சுப் போட்டாச்சே என்று நான் சொன்ன இடம் எந்தத் தாளில் வருகிறது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாளை அவர் இரண்டு முறை வாசித்தார். மோர் அப்படியே இருந்தது.

முடித்ததும் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமிய நான் ஒரு வார்த்தை திட்டல சார். ஆனா மனசுக்குள்ள திட்டனேன். அவரு செத்தப்பகூட, என் அத்தியாயத்த வெட்டனவருன்னுதான் மொதல்ல ஞாபகம் வந்துச்சு." குரல் உயரவில்லை. "அதை நான் இனிமே யாருகிட்ட போயி சொல்றது?"

மடியில் இருந்த தாள்களின் ஓரத்தைத் தட்டி நேராக்கினார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்வேன்னு வந்தீங்களா?"

"இல்ல. அச்சுல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"சொல்ல மாட்டேன். இப்ப அது என்கிட்ட இல்ல." தாள்களை என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விடவில்லை. "எவ்ளோ பக்கம் கேட்டாங்க?"

"ரெண்டு."

"இது நெறைய இருக்குது. கொறைக்கச் சொல்வாங்க. உங்களுக்குத் தோதா எந்த எடத்தைக் கொறைக்கலாம்னு உங்களுக்குத் தெரியும்." தாள்களை விட்டார். "ஒரு வரியும் எடுக்காம போடச் சொல்லுங்க சார்."

குழாயை எடுத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.